அன்றைக்கு லைன் இருந்தது

பாப்பா, அப்பா எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. வியாழக்கிழமை நீ வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்கிற தைரியம் இருந்திருந்தால் பதினோரு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லியிருப்பேன்.

போன புதன்கிழமை கோலாலம்பூரிலிருந்து வாட்சாப்பில் ஒரு கேள்வி போட்டிருந்தாய். "அப்பா, டப்ளின் போறதுக்கு எந்த போன் லைன் எடுக்கட்டும்? மாமா அந்தக் கம்பெனி மட்டும் வேணவே வேணாங்கிறாரு. நீங்க என்ன சொல்றீங்க?" நான் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் "மாமா சொல்றது சரிதான்" என்று தட்டிவிட்டேன். நீ ஒரு கட்டைவிரலை அனுப்பினாய். இரண்டு வருடம் நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போகிற பிள்ளை அப்பனிடம் கேட்ட ஒரே யோசனை அது. நான் கொடுத்தது மூன்று வார்த்தை. போனை மேசையில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனவன், ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடி கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன்.

இந்தக் கடிதத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று இ-சிம். இன்னொன்று, உன் அம்மா போன நாளில் லைன் கிடைக்கவில்லை என்று நான் சொன்னது. அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் அதை முதலில் சொன்னால் நீ மிச்சத்தைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய், இ-சிம் விவரமும் வீணாகப் போகும். அதனால் இ-சிம்மை முதலில் எழுதுகிறேன். இதுவும் ஒரு கள்ளத்தனம்தான், எனக்கே தெரிகிறது.

வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாள் மூன்று கடை ஏறி இறங்கினேன். செங் வட்டாரத்தில் நம் ஃபேக்டரிக்கு எதிரே இருக்கிற கடையில் ஒரு பையன், "அங்கிள், இப்பல்லாம் சிம்மே கிடையாது லா, எல்லாம் போனுக்குள்ளயே இருக்கு" என்றான். என்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து முறைத்துவிட்டு இறங்கினேன். முப்பத்தொரு வருடம் மெஷினைக் கழற்றி மாட்டியவனுக்கு, கையில் பிடிக்க முடியாத சாமானை ஒருவன் எப்படி விற்கிறான் என்று புரியவில்லை. மறுநாள் வேறு கடையில் கேட்டபோது அவன் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிந்தது. அடுத்த நாள் போய் அந்தப் பையனிடம் "சாரி தம்பி" என்றேன். "பரவால்ல அங்கிள், தினமும் நாலு பேரு முறைக்கிறாங்க" என்றான்.

முதலில் உன் போன் இ-சிம் ஏற்கிறதா என்று பார். நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அடித்தால் நம்பர்கள் வரிசையாக வரும். அதில் இ.ஐ.டி. என்று ஒரு நீளமான நம்பர் இருந்தால் ஏற்கும். தவணையில் வாங்கிய போன் என்றால் வேறு கம்பெனி லைன் போட முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள். பயணத்துக்கென்று விற்கிற இ-சிம்மில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான் இருக்குமாம், நம்பர் இருக்காதாம். முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு அது போதும். வீடு, பேங்க், ஆஸ்பத்திரி அட்டை எல்லாம் கையில் வந்த பிறகு அந்த ஊர் நம்பர் ஒன்று எடுத்துக்கொள், அங்கே வேலை செய்கிறவளுக்கு அந்த ஊர் நம்பர் வேண்டும். இ-சிம்மை இங்கேயே, வீட்டு வைஃபையில் ஏற்றிவிடு. ஏர்போர்ட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. அந்த க்யூ.ஆர். படத்தைக் காகிதத்தில் அச்சடித்து எடுத்து வை, உன் போனுக்குள் இருக்கிற படத்தை உன் போனாலேயே ஸ்கேன் செய்ய முடியாமல் நிற்கிறவர்கள் நிறையப் பேராம். ஏற்றியதை அழித்துவிடாதே. ஒரு தடவை அழித்தால் பல கம்பெனியில் மறுபடி ஏறாது.

எந்தக் கம்பெனி என்று நீ கேட்டாய். கடைக்காரர்கள் கேட்கச் சொல்வது வேறு கேள்வி. இ-சிம் விற்கிறவனுக்குச் சொந்தமாக டவர் கிடையாது. அந்த ஊரில் யாருடைய டவர் மேல் அது ஓடுகிறது என்று கேட்க வேண்டுமாம். அதுவும் டப்ளின் என்று பொதுவாகக் கேட்காதே. உனக்கு ஹாஸ்டல் கொடுத்திருக்கிற தெருவைச் சொல்லிக் கேள், ஆஸ்பத்திரி வார்டுக்குள் கிடைக்குமா என்று உனக்கு முன்னால் போன பிள்ளைகளிடம் கேள். மலேசியா சிம்மில் டேட்டா ரோமிங்கை அடைத்து வை, புது இ-சிம்மில் திறந்து வை. நிறையப் பேர் பயந்துகொண்டு இரண்டையும் அடைத்துவிட்டு லைன் வரவில்லை என்று கடைக்காரனைத் திட்டுகிறார்களாம். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மலேசியா நம்பரை மட்டும் விட்டுவிடாதே. பேங்க்காரன் அனுப்புகிற ரகசிய எண் அதற்குத்தான் வரும். புது லைன் போட்டவுடன் வாட்சாப், நம்பரை மாற்றட்டுமா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லிவிடு. இங்கிருந்து டாப்-அப் போட்டு அந்த நம்பரை நான் உயிரோடு வைத்திருக்கிறேன். அது என் பொறுப்பு.

இ-சிம் முடிந்தது. இனிமேல் எழுதப்போவதை நீ உட்கார்ந்து படி.

நம் வீட்டு மிஸ்கால் சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பாலர் பள்ளிக்குப் போகும் முன்பே நான் போட்ட சட்டம் அது. ஒரு ரிங் என்றால் ஃபேக்டரிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு ரிங் என்றால் ஓ.டி. முடிந்து கிளம்புகிறேன். அந்த இரண்டு ரிங் கேட்ட பிறகுதான் உன் அம்மா உலை வைப்பாள். யாரும் போனை எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு போய்விடும். அம்மா ஒரு நாள் மறந்துபோய் எடுத்து "ஹலோ" என்றாள். வீட்டுக்கு வந்து அவளை ஒரு மணி நேரம் திட்டினேன். அவள் சொன்னாள்: "ஒங்க கொரலைக் கேக்கணும் போல இருந்துச்சு, எடுத்துட்டேன். இனிமே எடுக்கல." அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை. அன்றைக்கு ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். எத்தனை முட்டாள் பார்.

இன்னொரு சட்டமும் போட்டேன். எதிர்வீட்டு மலாய்க்காரர் பாக்சிக்கின் வீட்டுக்கு ஹரிராயா பெருநாளுக்கு வந்த விருந்தாளிகள் நம் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. அந்த நல்ல நாளும் அதுவுமாக அவர் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் நான் கத்தினேன், அவரும் கத்தினார். உள்ளே வந்து உங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னேன்: "இனிமே அந்த வீட்டு வாசல்ல யாரும் கால் வைக்கக் கூடாது. செத்தாலும் வைக்கக் கூடாது." கோபத்தில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். அந்த வாயால் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், எல்லாம் காற்றோடு போயிருக்கிறது. இது மட்டும் நின்றது.

அந்த வருடம் ஃபேக்டரி என்னை வியட்நாம் கிளைக்கு இரண்டு வாரம் அனுப்பியது. புது மெஷின் வந்திருந்தது, அதைப் படித்துவிட்டு வந்தால் சூப்பர்வைசர் வேலை கிடைக்கும் என்று பேச்சு. கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் அம்மா கேட்டாள்: "போறதுக்கு முன்னாடி எதிர்வீட்ல ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்களேன். ரெண்டு வாரம் நானும் பிள்ளையும் தனியா இருக்கணும். அவசரத்துக்கு கார் வெச்சிருக்கிறவரு அவரு ஒருத்தருதான்." நான் பெட்டியை அடித்து மூடினேன். பேசாமலேயே போனேன். அவளிடம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. வெளிநாட்டில் போனை எடுத்தால் நமக்கும் காசு போகும் என்பதால் அங்கேயும் அதே சட்டம்தான். தினமும் மத்தியானம் அம்மா ஒரு ரிங் விடுவாள், நலம் என்று அர்த்தம். நானும் ஒரு ரிங் விடுவேன்.

ஒன்பதாவது நாள். இங்கே மணி ஒன்று, அங்கே பன்னிரண்டு. ஃபேக்டரி கேன்டீனில் இரண்டு பாஸுடன் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அந்த மேசையில் என்னை உட்கார வைத்ததே பெரிய விஷயம் என்று சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். போன் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. "வீடு" என்று வந்தது. இரண்டு ரிங்கில் கட் செய்தேன். அது பழக்கம், அதில் என்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். மறுபடியும் அடித்தது. நம் வீட்டில் யாரும் இரண்டாவது தடவை அடிக்க மாட்டார்கள், பாப்பா. எனக்குத் தெரியும். இது மிஸ்கால் இல்லை என்று தெரிந்தேதான் கட் செய்தேன். எதிர்வீட்டுப் பேச்சை மறுபடியும் எடுக்கப் போகிறாள், பெரியவர்களுக்கு முன்னால் எனக்குப் பதில் சொல்ல வராது என்று நினைத்தேன். மூன்றாவது தடவை அடித்தபோது ஒரு பாஸ் தலையைத் தூக்கி அவசரமா என்று கேட்டார். நான் "நோ நோ, வைஃப் லா" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். அதையும் கட் செய்துவிட்டு, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுக் கவிழ்த்து வைத்தேன். சோறு, மீன், ஒரு கீரை. முழுவதும் சாப்பிட்டேன்.

ஏரோப்ளேன் மோடில் போடுகிற வரைக்கும் டவர் நான்கு கட்டையும் காட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு லைன் இருந்தது.

அடித்தது அம்மா இல்லை, நீ. அம்மா பின்பக்கம் பாத்திரம் கழுவிய இடத்தில் விழுந்து கிடந்தாள். பள்ளி விடுமுறை, உனக்குப் பதினைந்து வயது. நீ எதற்கு அடித்தாய் என்று நீயும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்க அடித்தாய். அப்பன் போட்ட சட்டத்தை உடைக்க அப்பனிடமே அனுமதி வாங்க அடித்தாய். உன் முதல் அழைப்புக்கும், நீ பாக்சிக் கதவைத் தட்டியதற்கும் நடுவில் இருபது நிமிடம் போயிற்று. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழுதுவிட்டு வந்த கைலியோடேயே அம்மாவைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் யாரையும் குறை சொல்ல முடியாது. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக மாமா சொன்னார். அந்தக் கொஞ்சம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நான் வந்து இறங்கியபோது வாசல் நிறையச் சனம். பெம்பானிலிருந்து வந்திருந்த மாமா என் பையை வாங்கவில்லை. கேட்டிலேயே நிறுத்தி, தாமானில் அத்தனை வீடும் பார்த்துக்கொண்டிருக்க, "மாப்ள, பிள்ளை மூணு தரம் அடிச்சிருக்கா. ஏன் எடுக்கல?" என்று கேட்டார். கூடப் பிறந்த தங்கச்சியை உள்ளே கிடத்தியிருக்கிற மனுசன். "லைன் இல்ல மச்சான். அந்தப் பக்கம் லைனே கிடைக்கல" என்றேன். அவர் உன் பக்கம் திரும்பினார். "அப்படியா பாப்பா?" நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு மாமாவைப் பார்த்து, "ஆமா மாமா. லைன் போகல" என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. உன் அம்மா உள்ளே கிடக்கிறாள், எனக்கு அப்பாடா என்று இருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

மாமாவின் கோபம் முழுவதும் நான் வைத்திருந்த லைன் கம்பெனி மேல் போயிற்று. உனக்குத் தெரியாததா? அந்த வாரமே தன் வீட்டில் ஆறு பேருடைய நம்பரையும் வேறு கம்பெனிக்கு மாற்றினார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூட, பக்கத்தில் இருப்பவன் எந்த லைன் என்று விசாரிப்பார். "என் தங்கச்சியைக் கொன்ன லைன்யா அது" என்பார். ஒரு தடவை ஜாசினில் ரோட்டோரம் குடை விரித்து சிம் விற்றுக்கொண்டிருந்த சின்னப் பெண்ணிடம் இதைச் சொல்லி அவளை அழ வைத்துவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அவருடைய கையைப் பிடித்துக் காருக்கு இழுத்துக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அதற்குப் பிறகு நீ என்னை ஒரு தடவைகூடப் போனில் கூப்பிட்டதில்லை. மெசேஜ் போடுவாய், வாய்ஸ் நோட் போடுவாய், பூ, கேக், சிரிப்பு எல்லாம் அனுப்புவாய். இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாரும் போன் அடிப்பதில்லை என்று ஃபேக்டரியில் பேசிக்கொள்வார்கள், நானும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். காலேஜில் டெங்கி வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை, வெளியே வந்த பிறகு ஒரு வரியில் எழுதினாய்: "இப்ப ஓகே அப்பா, டோன்ட் வொரி." ஏன் கூப்பிடவில்லை என்று கோபமாக எழுதினேன். கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

சனிக்கிழமை மலாக்கா டவுனில் மூன்றாவது கடைக்குப் போனேன். அங்கே ஒரு தமிழ்ப் பெண், உன் வயதுதான் இருக்கும், பொறுமையாக எல்லாம் சொன்னாள். கடைசியாக ஒன்று கேட்டேன். "ஏன் மா, வெளிநாட்ல லைன் இல்லாத எடத்துல இருக்கும்போது இங்கேர்ந்து அடிச்சா என்னா கேக்கும்?" அவள் என் போனை வாங்கி ஏரோப்ளேன் மோடில் போட்டாள். தன் போனிலிருந்து அடித்து என் காதில் வைத்தாள். ரிங்கே போகவில்லை. தொடர்புகொள்ள முடியவில்லை என்று மலாயில் ஒரு பெண் குரல் சொன்னது. பிறகு மோடை எடுத்துவிட்டு மறுபடி அடித்தாள். என் போன் அலறியது. கை பழக்கத்தில் போய் கட் செய்துவிட்டது. அவள் சிரித்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். டூட் டூட் என்று எங்கேஜ்ட் சத்தம்.

"நீங்க கட் பண்ணா அடிக்கிறவங்களுக்குத் தெரியும் அங்கிள். ரிங் போயிட்டு பட்டுனு நிக்கும்ல. லைன் இல்லேனா ரிங்கே போகாது."

எனக்கு இது தெரியாது, பாப்பா. நம்பினால் நம்பு. இருபது வருடத்துக்கு மேலாகப் போன் வைத்திருக்கிறேன், கட் செய்தவனாகவே இருந்திருக்கிறேன், என்னை யாரும் கட் செய்ததில்லை. அந்தப் பக்கம் என்ன கேட்கும் என்று நான் யோசித்ததே கிடையாது. கடையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, "பிரஷர் இருக்கா அங்கிள்?" என்று கேட்டாள்.

நீ ரிங் போனதைக் கேட்டிருக்கிறாய். மூன்று தடவையும் கேட்டிருக்கிறாய். மூன்று தடவையும் அது பட்டென்று நின்றதைக் கேட்டிருக்கிறாய். அம்மா தரையில் கிடக்க, ஒரு கையில் போனோடு நின்று, அப்பா கட் செய்கிறார் என்று தெரிந்துகொண்டே மறுபடியும் அடித்திருக்கிறாய். மறுநாள் கேட்டில் அத்தனை பேருக்கு முன்னால் நான் பொய் சொன்னபோது, அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நீதான். நீ "இல்லை மாமா, ரிங் போச்சு" என்று சொல்லியிருந்தால் மாமா என்னை அங்கேயே அடித்திருப்பார். அந்த வீட்டில் எனக்கு இடமே இருந்திருக்காது. அம்மா இல்லாத பிள்ளை, அப்பனும் போய்விடுவான் என்று பயந்தாயோ, இல்லை இந்த ஆள் பாவம் என்று நினைத்தாயோ. எதுவாக இருந்தாலும் பதினைந்து வயதில் நீ என்னைக் காப்பாற்றினாய். நான் அது புரியாமல் பதினோரு வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

புதன்கிழமை நீ கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு விளங்கியது. எந்த லைனில் எங்கே கிடைக்கும் என்று போனிலேயே பார்த்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளை நீ. என்னிடம் கேட்க வேண்டிய அவசியம் என்ன? மாமா சொல்வது சரியா என்று கேட்டாய். ஊரை விட்டுப் போகும் முன் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றாய். நான் வழக்கம்போல கட் செய்துவிட்டேன். அந்தப் பதிலை மாற்றி எழுதுகிறேன், மா. மாமா சொல்வது சரியில்லை. அந்தக் கம்பெனி மேல் ஒரு தப்பும் கிடையாது. அவர்கள் இ-சிம் உன் தெருவில் நன்றாகக் கிடைக்கிறது என்றால் தாராளமாக அதையே எடு. உன் அம்மா போனதற்குக் காரணம் லைன் இல்லை. நான்.

இதை உன்னிடம் மட்டும் சொல்லி முடித்துக்கொள்வதும் கோழைத்தனம் என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை பெம்பானுக்குப் போனேன். மாமா வெளியே செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் இன்னும் தன் செருப்பைத் தானேதான் தைப்பார். பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு எழுதிய மாதிரியே ஒன்றுவிடாமல் சொன்னேன். "வைஃப் லா" என்று சிரித்ததையும் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார். கத்துவார், அடிப்பார் என்று தயாராக இருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத்தான் மொதல்லேர்ந்தே தெரியும் மச்சான்" என்றேன்.

"அந்தப் பச்சப் புள்ள வாயிலேர்ந்து பொய் வர வெச்சிட்டீங்களே மாப்ள" என்றார். சத்தமே இல்லை. எழுந்து உள்ளே போனார், மறுபடி வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உன் அத்தை தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "குடிச்சிட்டுக் கெளம்புங்கண்ணே" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. அரைக் கோப்பை குடித்தேன், பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தங்கச்சி செத்ததைவிட உன்னைப் பொய் சொல்ல வைத்ததுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. எனக்கும் இப்போது அப்படித்தான் படுகிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கொடு என்று கேட்கவில்லை, கேட்காமல் இருக்க முடியவில்லை, அதனால் கேட்கிறேன். டப்ளினில் உனக்கு ஒரு கஷ்டம் என்றால் என்னைக் கூப்பிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூப்பிடத் தோன்றினால் கூப்பிடு. தோன்றாவிட்டால் உன் மேல் தப்பில்லை.

வெள்ளிக்கிழமை ஏர்போர்ட்டுக்கு மாமா வருவார். என்னோடு பேச மாட்டார், ஆனால் உனக்காக வருவார், அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறாள். அங்கே வைத்து அன்றைக்கு வாசலில் வைத்துக் கேட்ட அதே கேள்வியை அவர் உன்னிடம் மறுபடியும் கேட்பார் என்று நினைக்கிறேன். உன் வாயால் கேட்காமல் அவருக்கு மனசு ஆறாது. நானும் பக்கத்தில்தான் நிற்பேன். நீ அன்றைக்குக் காதில் கேட்டதை அப்படியே அவரிடம் சொல்லிவிடு, பாப்பா. சொல்வதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்காதே.

அப்பா